கம்பியை விட்டு நகராத நட்சத்திரம்

மாமு,

ஏதோ ஒரு திருகாணியைத் தேடி இன்று காலை பழைய தகர டப்பாவைத் திறந்தேன். தொலைநோக்கியில் நீ கண் வைத்துப் பார்க்கும் வில்லை அதில் கிடந்தது. அதன் ரப்பர் விளிம்பில் உன் தைல வாசனை இன்னும் போகவில்லை. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, நெற்றியில் தடவிக்கொண்டுதான் என் வீட்டு மாடிப்படி ஏறுவாய். திருகாணியை எடுக்காமலே டப்பாவை மூடிவிட்டேன்.

அந்த வில்லையைக் கழற்றியவன் நான்தான். அந்த இடத்தில் இப்போது ஒரு கேமரா இருக்கிறது.

நம் தொலைநோக்கியின் மோட்டார் வானத்தோடு சேர்ந்து திரும்பும், ஆனால் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதனால் மேலே கட்டிய சின்னக் குழாய் வழியாக யாராவது ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது குறுக்குக் கம்பியை விட்டு விலகினால் பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மூன்று வருஷம் அந்த வேலையைச் செய்தது உன் வலது கண். பெரிய குழாயில் படமெடுப்பது மட்டும்தான் என் வேலை.

"நாப்பது அடி பெட்டிய லாரி மேல பிசகாம உக்கார வெக்கறேன். ஒரு நட்சத்திரத்த புடிச்சி வெக்க மாட்டனா?" என்பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பேச்சு பொருத்தமாகத்தான் இருந்தது. லேத்துக்காரன் என்ற முறையில் நானும் பெருமைப்பட ஒன்று வைத்திருந்தேன். சின்னக் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களும் நான் கடைந்தவை. குழாயில் கீறல் விழக்கூடாது என்று திருகாணி முனைகளில் பிளாஸ்டிக் வைத்திருந்தேன்.

போன தை மாதம் அந்தச் சாயங்காலம் நீ வேலை முடிந்து நேராக வந்திருந்தாய். ஓரையன் நெபுலாவை எடுத்தோம். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்கள் அரிசி மாதிரி நீண்டு கிடந்தன. பத்தாவது படத்தில் என் பொறுமை போய்விட்டது.

"தூங்கிட்டியா?"

"இன்னா மாமு சொல்ற? கம்பிய வுட்டு அது நவுரவே இல்ல."

"அப்ப இது இன்னா? படம் பொய் சொல்லுதா? தூங்கிட்டு கத வுடாத. உன் கண்ணு போச்சுன்னா போச்சுன்னு சொல்லு."

பொத்தான் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாய். "நான் தூங்கினா கீழ நிக்கிறவன் செத்துருவான் மாமு. எனுக்குத் தூங்கத் தெரியாது." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாய்.

நீயே வருவாய் என்று நான் இருந்தேன். ஒருநாள் திருவொற்றியூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்தேன். கையைத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் நடுவே கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்றது. அது போனபோது நீ இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் ராயபுரம் வந்து சேர்ந்தபோது உன் கண்கள் ஒரேயடியாக மூடியிருந்தன.

பல மாதம் மாடிப்பக்கமே போகவில்லை. இந்த மார்கழியில்தான், உன் கண் செய்த வேலையைச் செய்யும் வழிகாட்டிக் கேமரா ஒன்று வாங்கத் துணிந்தேன். கடைக்காரர் போனிலேயே பொறுமையாகச் சொன்னார்: கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும், மங்கலான நட்சத்திரமும் தெரிய வேண்டும். சின்னக் குழாயே இல்லாமல் பெரிய குழாயின் வெளிச்சத்திலிருந்தே கொஞ்சம் பிரித்துக்கொள்ளும் முறையும் உண்டாம். "அதுல ரெண்டு குழாயும் தனித்தனியா அசையற பிரச்சினையே வராது சார்" என்றார். என் வளையம் அசையாது என்று சொல்லிவிட்டேன்.

பகலில் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கியைப் பார்த்துக் கேமராவின் ஃபோகஸைச் சரிசெய்தேன். இருட்டியதும் கம்ப்யூட்டர் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது. கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே என்று மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று தானே கற்றுக்கொண்டது. பிறகு திரையில் இரண்டு கோடுகள் ஏறக்குறைய நேராக ஓட ஆரம்பித்தன. நட்சத்திரம் நகரவே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

படத்தைத் திறந்து பார்த்தேன். அரிசி. அதே நீளம், அதே சாய்வு.

மாமு, தூங்காத, பொய் சொல்லத் தெரியாத ஒரு கருவி, நீ சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழாயை ஒரு விரலால் அழுத்தினேன். அசைந்தது. வளையத்தில் நான் வைத்த பிளாஸ்டிக் முனைகள் நசுங்கியிருந்தன. தொலைநோக்கி சாயச் சாயச் சின்னக் குழாயும் மயிரிழை மயிரிழையாகச் சரிந்திருக்கிறது. நீ பிடித்து வைத்த நட்சத்திரம் கம்பியில்தான் இருந்திருக்கிறது. பெரிய குழாய்தான் வேறெங்கோ பார்த்திருக்கிறது.

பட்டறையில் குழாயை முழுதாகக் கவ்வும் இரும்புப் பிடி ஒன்று செய்து மாட்டினேன். அடுத்த படத்தில் நட்சத்திரங்கள் கடுகு போல உருண்டையாக வந்தன. சந்தோஷப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உன்னைத் திட்டியது அவளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

"இத்தெல்லாம் அவரு சொல்லவே இல்லண்ணா. கண்ணு சரியில்ல, அதான் உங்க வூட்டுக்குப் போறதில்லன்னாரு. ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணாங்க, நல்லாத்தான் கீதுன்னாங்க. அவரு நம்பல. கீழ ஆளு நிக்கிற எடம், தப்பு நடந்துரும்னு சொல்லி, கிரேன்ல ஏற மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. கடசி ஒரு மாசம் கீழ நின்னு பெட்டி நம்பர்தான் எழுதிக்கினு இருந்தாரு."

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா திரும்ப ஏறியிருப்பாருண்ணா" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள்.

இப்போது வானம் தெளிந்திருக்கும் நாட்களில் மாடிக்குப் போகிறேன். கேமரா தன் வேலையைப் பார்க்கிறது. கூடப் பேச ஆளில்லாததால் தெற்கே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உயரத்தில் கிரேன் கூண்டுகளின் விளக்குகள் வரிசையாக எரியும். அவற்றில் உன்னுடையது எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாவு வருவதற்கு முன்பே உன்னை அங்கிருந்து நான் இறக்கிவிட்டேன், மாமு.