சரோஜாவுக்குப் புரிந்த ஆங்கிலப் படம்

12-8-1978, சனி இரவு

எங்கள் தோல் கம்பெனி மானேஜர் கொடுத்த டிக்கெட்டில், வேலூர் பாகாயம் கல்லூரியில் போட்ட பழைய ஆங்கிலக் காதல் படத்துக்கு இன்று சரோஜாவை அழைத்துப் போனேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. படம் முழுக்க நாயகனும் நாயகியும் சண்டை போட்டார்கள், அரங்கமே சிரித்தது.

வீடு திரும்ப ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும், "கதை சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுது. அவ எவ்ளோ திட்டினாலும் அவன் அவ மூஞ்சியையே பாத்துக்கினு இருக்கான். நான் பேசுனா நீங்க பேப்பரைப் பாப்பீங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு தூங்கிவிட்டாள். எனக்குத்தான் படத்தில் வந்த அந்த இருவரின் முகமும் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டில் சாப்பாடு போடும்போது, தெருக்குழாயில் காலையில் நடந்த தகராறைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். இடது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அவள் பேச்சை நிறுத்தினாள். "இன்னா வேணும்? உப்பு கம்மியா?"

எழுந்து போய் உப்பை எடுத்து வந்து வைத்தாள்.

"ஒண்ணும் வேணாம். நீ சொல்லு."

"ஒண்ணும் இல்ல, சாப்புடுங்க."

குழாயடியில் என்ன நடந்தது என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை.