பார்க்கில் நாலு சுற்று

தி.நகர், 8-7-1974

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதறாமல் கடைசிவரை படி. சித்திரையில் எனக்கு லேசாகப் பக்கவாதம் வந்துபோனது. இப்போது வலது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. ஜவுளிக்கடைக்கு மறுபடி போகிறேன்.

"படுத்தே கிடக்காதீங்க. தினமும் பார்க்கை நாலு சுத்து வேகமா நடங்க. மூச்சு வாங்கணும், ஆனா பேச வரணும்" என்கிறார் டாக்டர். பேச்சுத் துணைக்கு இங்கே யார்? நீ போட்ட கார்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறேன்.

"இன்னா நைனா, தனியா பேசிக்கினு போறே?" என்றார் பார்க் காவலாளி.

"பொண்டாட்டிகூட" என்றேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. இனிமேல் கார்டு போடாதே, கவரில் எழுது. பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாமல் எழுது. கார்டு ஒரு சுற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. மற்ற மூன்று சுற்றும் வாயை மூடிக்கொண்டுதான் நடக்கிறேன்.

உன்
வெள்ளைச்சாமி