மை பூசாத என்பிரிண்ட்

சாந்தன்பாறை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். உங்கள் மூவரின் சுகத்தையும் ஒவ்வொருவராக விசாரித்துத்தான் எழுதத் தொடங்குவேன், இந்தத் தடவை பேத்தி தியாக்குட்டியின் இடது கண்ணைத் தவிர வேறெதையும் கேட்க மனம் வரவில்லை தாயி. நேற்று அண்ணன் வேல்முருகன் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, நாளைக்கே குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு வரி போட்டாய், அதன் பிறகு நான் ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பில்லை. ஆனால் அண்ணன் சொன்னது பாதிதான், மீதியை நான்தான் சொல்ல வேண்டும். பூப்பாறை ஜிஜி லீவு முடிந்து சனிக்கிழமை அயர்லாந்துக்கு, உங்கள் ஊருக்குத்தான், திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணனுக்கு மூன்று வயதில் தேயிலைக் கவாத்துக் குச்சி குத்திக் கண் போயிற்று என்று நீயும் அவனும் நம்பியிருந்தீர்கள். அது நான் கட்டின பொய். அவனுக்கு இரண்டு வயது முடிந்த சமயம் நாங்கள் மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தோம். அம்மன் கோயில் கொடைக்கு மூணாறிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஞானஜோதி வந்து, பிளாஷ் போட்டு அவனைப் படம் எடுத்தார். ஒரு வாரம் கழித்து அவர் கடைக்குப் போனோம், நான்கு படம் கொடுத்தார், உள்ளங்கை அகலம்தான், உறைமேல் "என்பிரிண்ட் 4" என்று எழுதியிருந்தது. பிலிம் ரோல் காலத்தில் எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கிற சாதாரண அளவுக்கு அதுதான் பெயர், இப்போது போட்டோக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். அம்மா அதை எழுத்துக் கூட்டி, என் பிரிண்ட்டுன்னு போட்டிருக்கு, அப்ப ஒண்ணு எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

நான் படத்தைப் பார்த்தேன். பிள்ளையின் ஒரு கண் பிளாஷில் எல்லாருக்கும் வருகிறமாதிரி சிவப்பாகவும் இன்னொரு கண் நடுவில் பால் சொட்டு வைத்தமாதிரி வெள்ளையாகவும் இருந்தது. ஞானஜோதியிடம் சண்டைக்குப் போனேன். "என்னய்யா படம் கழுவியிருக்கீரு, புள்ள கண்ணுல புள்ளி விழுந்து கெடக்கு" என்றேன். "நான் கழுவுனதுல ஒண்ணுமில்ல பாண்டி, பிலிம்லயே அப்படித்தான் இருக்கு" என்றார் அவர். நான் விடவில்லை. கடைசியில் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து மூன்று படத்திலும் அந்த வெள்ளைமேல் கறுப்பு மை வைத்துக் கொடுத்தார். நாலாவதைக் கேட்டபோது அம்மா, "எம்புள்ள மூஞ்சியில மை பூச வேண்டாம்" என்று மடியில் செருகிக்கொண்டாள். மை வைத்ததும் படம் நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம் அதைச் சுவரில் மாட்டிச் சந்தோஷப்பட்டேன்.

கண் ஒருபக்கமாகத் திரும்பி, வீங்கின பிறகுதான் அவனைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினோம். கண்ணுக்குள் கட்டி, புற்று, பிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான் என்றார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டோம், கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று சொல்லவந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இது வழிவழியாக வரலாம், இனிப் பிறக்கிற பிள்ளைகளையும் காட்டுங்கள் என்றார். உன்னைக் கைக்குழந்தையில் இரண்டு தடவை காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்கள், அத்தோடு மூடி வைத்தேன். குடும்பத்தில் புற்று என்று தெரிந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையாது என்ற பயம். அம்மா வாயையும் அடைத்தேன்.

போன வாரம் நீ அனுப்பிய படத்தில் தியாக்குட்டி சிரிக்கிறாள், கண்ணில் அதே பால் சொட்டு. உடனே காட்டு என்றேனே தவிரக் காரணம் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா என்று அங்கே கிளினிக்கில் கேட்டார்கள் என்றும், இல்லை என்று சொன்னதால் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள் என்றும் நீ நிம்மதியாகச் சொன்னாய். சரி தாயி என்று போனை வைத்தேன். இரண்டு நாள் புழுங்கிவிட்டு, நேற்று மாட்டுப்பட்டிக்குப் பஸ் ஏறி அண்ணன் டீக்கடையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, "எங்கண்ணப் பத்திப் பொறவு பேசிக்கிடலாம்ப்பா, மொதல்ல அவகிட்டச் சொல்லணும்" என்று என் போனை வாங்கி அவனே பேசி அனுப்பினான். தன் மகளையும் இன்று மதுரைக்குக் கூட்டிப்போயிருக்கிறான்.

அம்மா வைத்திருந்த படத்தை இதோடு அனுப்புகிறேன், அங்கே டாக்டரிடம் காட்டு. அண்ணனுக்கு எத்தனை வயதில், எந்தக் கண் என்று கேட்டால் இரண்டே முக்கால், வலது கண் என்று சொல். உன்னையும் ஒரு தடவை பார்க்கச் சொல். குழந்தை முன்னால் அழாதே, வேளைக்குச் சாப்பிடு. என்னோடு பேசாவிட்டாலும் அம்மாவுக்காவது செய்தி சொல்லிவிடு. தியாக்குட்டி இரண்டு கண்ணும் துலங்க நூறு வயது இருக்க வேண்டும், நீயும் மாப்பிள்ளை ஷைஜுவும் அவளைப் பார்த்துக் குளிர வேண்டும்.

உன்னிடம் மறைத்த அப்பா,
கருத்தப்பாண்டி.

வெள்ளிக்கிழமை: உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளை கூப்பிட்டார். கட்டி சின்னதுதானாம், ஓரத்தில் இருக்கிறதாம், வைத்தியம் நீளுமே தவிரக் கண்ணை எடுக்க வேண்டி வராது என்றுதான் நினைக்கிறார்களாம். நீ என்னிடம் பேசவில்லை. ஆனால் அவரோடு எப்போதும் மலையாளத்தில் பேசுகிறவள், பின்னாலிருந்து தமிழில், "அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேளுங்க" என்றாய், எனக்குக் கேட்டது. போட்டுவிட்டேன் தாயி.