ஈயம் உருக்கிய அடுப்பு

அண்ணே,

நேற்று மத்தியானம் அண்ணி பதுளைக்கு வந்திருந்தார். கடைக்குப் பின்னால் நான் இருக்கும் அறையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு பையிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஒங்க அண்ணன் இத ஒங்கிட்ட குடுத்துரச் சொன்னாரு. என்னா ஏதுன்னு சொல்லல."

திறந்து பார்த்தேன். சாக்குத் துண்டில் சுற்றி, கம்பி போட்டுக் கட்டிய இரண்டு பாதிக் கல். ஈயக்குண்டு வார்க்கிற நம் அச்சு. என் வீட்டுக்காரர் ஓடையில் வீசி மறைத்துவிட்டார் என்று நீ தோட்டத்துத் துரையிடம் சொன்னாயே, அதே அச்சு. இத்தனை வருஷமும் உன் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

கையில் எடுத்ததும் அந்தப் பழைய வாசனை அடித்தது. கரியும் தேங்காய் எண்ணெயும் ஈயமும் கலந்த வாசனை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவின் அடுப்பு வாசனை.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, பாண் ரொட்டிக்கு ஆலாய்ப் பறந்த காலம் அது. லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான் எல்லார் வயிற்றையும் காப்பாற்றியது. அந்த மரவள்ளிக்குப் பன்றி வந்தது. நீ தோட்டத்துக் காவக்காரன். ஆபீசில் கொடுத்த ஒற்றைக்குழல் துவக்கு, துரை காலத்துக்கும் முந்தியது, உன் தோளில் கிடக்கும். அவர்கள் தந்த தோட்டாவில் இருந்ததெல்லாம் கடுகு மாதிரிச் சன்னம். பட்டால் பன்றி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடி தின்னும். அதனால்தான் சன்னத்தைக் கொட்டிவிட்டு முழுக்குண்டு போட வேண்டும் என்றாய். ஆபீசுக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னாய்.

ஈயத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த தகட்டை ஸ்டோருக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்தார்கள். நீ கொண்டுவந்தாய், நான் உருக்கினேன். உருகிய ஈயம் பளபளவென்று அகப்பையில் ஆடும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய். "ஒன் கை நடுங்காது ஆயி, நீயே ஊத்து" என்பாய். எனக்கு அதில் பெருமை. ஒருநாள் அச்சில் ஈரம் இருந்து ஈயம் தெறித்து, என் மணிக்கட்டில் பட்டது. துடித்துப்போய் அச்சைக் கீழே போட்டேன். ஓரம் உடைந்தது. அதன்பிறகு வார்த்த குண்டு ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு மரு வரும். "இது நம்ம வீட்டு முத்திரை" என்று கேலி செய்தாய்.

ஏன் என் வீட்டு அடுப்பு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. "அண்ணிக்கு ஈயப்புகை ஆகாது, இருமியே செத்துருவா" என்று நீ சொன்னாய். சரி என்றேன்.

மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம் நீ ஓடிவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். நீ துவக்கைக் கதவோரம் சாத்திவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"பன்னின்னு நெனச்சு அடிச்சுட்டேன் ஆயி. தொரை வீட்டுப் பசு. செனை மாடு."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்த அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "பயப்படாதீங்க மச்சான். எங்க வாய்ல இருந்து ஒரு வார்த்த வராது."

வரவில்லை. மாட்டை அறுத்துக் குண்டை எடுத்தார்கள். நசுங்கிப் போயிருந்தாலும் அடியில் மரு அப்படியே இருந்தது. நம் லயத்தில் ஈயம் உருக்கிய அடுப்பு எது என்று கேட்டதும் பக்கத்துக் காம்பராக்காரி என் வீட்டைக் காட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் மூக்கில் பட்டதைத்தான் சொன்னாள். என் அகப்பையில் ஈயம் ஒட்டியிருந்தது. அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தோம்.

நீயும் சொன்னாய். "துவக்க தங்கச்சி வீட்ல வச்சுட்டுப் போனேங்க. மாப்பிள்ள எடுத்திருக்காரு. குண்டு வாக்குறது அவருதான், எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க." வாய் கூசாமல் சொன்னாய். அச்சு எங்கே என்றதற்கு ஓடையைக் கையால் காட்டினாய்.

நான் கத்தினேன். பெண்டாட்டி சாட்சி எடுபடவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் நல்ல மனிதர், கோயிலில் வைத்துப் பேசி முடிப்போம் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. "முனியாண்டி சாமி முன்னாடி எங்க அண்ணன் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். அணைச்சுட்டா நாங்க ஒத்துக்குறோம்" என்று ஊர் கேட்கச் சொன்னேன். நானேதான் சொன்னேன். பொய்யாகச் சூடம் அணைத்தவன் குடும்பம் விளங்காது என்று நம் அம்மா சொல்லி வளர்த்தவர்கள் நாம் இரண்டு பேரும். துரைக்கு முன்னால் பொய் சொல்லலாம், வயிற்றுப் பிழைப்பு. முனிக்கு முன்னால் உன்னால் முடியாது என்று அடித்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவு நம்பிக்கை.

சூடம் எரிந்தது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையால் ஒரே அடி. அணைந்தது.

நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துப் பிடித்திருந்த கை அது.

என் வீட்டுக்காரர் பெயரைத் தோட்டத்துப் பேரேட்டிலிருந்து வெட்டினார்கள். காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். சட்டிபானையோடு பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தோம். முஸ்லிம் முதலாளி ஒருவர் இந்த அறையைத் தந்தார், என் வீட்டுக்காரர் கடையில் மூட்டை தூக்கினார். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வந்தால் அவர் உள்ளே போய் நின்றுகொள்வார். "மாடு சுட்டவன்" என்று அவரை அடையாளம் சொல்வது காதில் விழும். உன்மேல் ஒரு வசவு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அவர் செத்தபோது நீ மாலையோடு வந்து வாசலில் நின்றாய். நான் கதவைச் சாத்தினேன். அப்போதாவது இந்த அச்சைக் கொண்டுவந்திருக்கலாம் நீ.

இனி யாரிடம் காட்டுவது? துரை சீமைக்குப் போய்விட்டார், தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இருந்திருந்து, செத்தபிறகு இப்போது அனுப்புகிறாய். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டுப் போனாய் என்று எடுத்துக்கொள்வதா?

அண்ணி கிளம்பும்போது, பனியில் போகிறாரே என்று கேட்டேன்: "அந்த இருமல் இப்ப எப்பிடி அண்ணி?"

"இருமலா? எனக்கு எப்ப இருமல் வந்துச்சு?" என்று இத்தனை துக்கத்திலும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மாடு விழுந்த அன்றுதான் நீ பயத்தில் என்னை விற்றாய் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். முதல் குண்டு வார்த்த அன்றே, மாட்டிக்கொண்டால் எந்த அடுப்பு மாட்ட வேண்டும் என்று நீ பார்த்து வைத்திருக்கிறாய். என் கை நடுங்காது என்று சொன்னதும் அதற்குத்தானா அண்ணே?

மணிக்கட்டில் அந்த வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ராத்திரி ஓர் அகல் துண்டில் ஈயம் கொஞ்சம் உருக்கி இந்த அச்சில் ஊற்றினேன். கை நடுங்கியது. ஆனாலும் குண்டு வந்தது, அடியில் மருவோடு.

உன் காரியத்துக்கு வருவேன். தலைவர் கிழவர் இன்னும் இருக்கிறாராம், பக்கத்துக் காம்பராக்காரியும் வருவாளாம். இலை போடுவதற்கு முன்னால் அச்சையும் குண்டையும் உன் படத்துக்குக் கீழே வைத்து, என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, மாடு சுட்டது அவரில்லை என்பேன். சூடம் கொளுத்த மாட்டேன்.

உன் தங்கச்சி