தொட்டிக்கு மேல் மேடை

தை மாதம், ஞாயிறு இரவு.

ஆம்பூரில் எங்கள் பழைய தோல் கம்பெனியின் கருங்கல் முற்றத்தைக் கலை அரங்கமாக்கி இன்று திறந்தார்கள். அங்கே இருபது வருடம் உழைத்தவள் என்று, குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டிருந்தான் முதலாளியின் மகன்.

"இங்க வேல செஞ்சவங்க எல்லாரும் எங்க குடும்பம்" என்று மைக்கில் சொன்னான். அவன் நின்ற மேடைக்குக் கீழேதான் கழிவுத் தொட்டி. அதைச் சுத்தம் செய்ய இறங்கிய என் வீட்டுக்காரர் பிணமாகத்தான் மேலே வந்தார்.

நான் மைக்கை வாங்கினேன். "என் வீட்டுக்காரர் எங்க செத்தார்னு இவங்களுக்குச் சொல்லு தம்பி."

"நல்ல நாள்ல இன்னாத்துக்குக்கா அதெல்லாம்?" என்று முணுமுணுத்தான். அதுவும் மைக்கில் கேட்டது.

விளக்கை ஏற்றாமல் இறங்கிவிட்டேன். நாட்டியமாட வந்த பெண்கள் சலங்கையைக் கழற்றிவிட்டார்கள். ஒருத்தியும் மேடை ஏறவில்லை. அவன் கெஞ்சினான். எனக்குப் பாவமாகவே இல்லை.