யோசிக்க நாற்பது நொடி

செப். 9, செவ்வாய்
காலையில் தூறல். அறிவியல் வீட்டுப்பாடம் பாக்கி.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா வந்திருக்கிறாள். ஒரு வாரம் விடுப்பு. வந்த கையோடு விவசாயிகள் சங்க அலுவலகத்தில், கணினி முன். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான்.

எல்லாம் அஞ்சலைச் சித்திக்காக. சித்தப்பா இறந்ததும், கோயில் நிலக் குத்தகை தன்னுடையது என்று ஒருவர் மனு போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மயிலாடுதுறையில் விசாரணை. பழைய குத்தகைப் பதிவைக் காட்டாவிட்டால் நிலம் போய்விடும். சங்கத்தார் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் தேடினால் முப்பது நொடியில் ‘நேரம் முடிந்தது’.

செப். 10, புதன்
அந்த முப்பது நொடி வரம்பை எடுத்துவிட்டு அக்கா ஓடவிட்டாள். எப்படித் தேடலாம் என்று திட்டமிட 40 நொடி. தேடி எடுக்க 1 நொடி!

“உன்னை மாதிரியேடி. டைம்டேபிள் போட்டு முடிக்கறதுக்குள்ள பரீட்சை வந்துடும்.”

உண்மைதான். கோபம் வரவில்லை.

காரணம்: ஒவ்வொரு பசலிக்கும் (ஜூலையில் பிறக்கும் வருவாய் ஆண்டு) ஊருக்கு ஒரு நோட்டு என்பது காகித வழக்கம். ஏற்றியவர்கள் அதையே கணினியிலும் வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் தனித்தனி அட்டவணை. நாம் கொடுப்பதோ ஆங்கிலத் தேதி. அதைப் பசலியாக்க ஒரு சின்ன ஃபங்ஷன் (தேதியைக் கொடுத்தால் பசலியைச் சொல்லும் நிரல்). ஒரே தேதிக்கு அது இன்று ஒன்று, நாளை ஒன்று சொல்லுமோ என்று, பதிவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸுக்குச் சந்தேகம். அதனால் எல்லா நோட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு யோசிக்கிறது.

மதியம் சாப்பிடாமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

செப். 11, வியாழன்
நல்ல வெயில். அக்கா சேர்த்தது ஒரே ஒரு சொல்! இந்த ஃபங்ஷன் ஒரு தேதிக்கு எப்போதும் ஒரே விடைதான் தரும் என்று உறுதி சொல்லும் சொல். இப்போது கேட்ட பசலியின் நோட்டுகளை மட்டும் பார்க்கிறது. யோசிக்கக் கால் நொடிகூட இல்லை. ஜூன் 30, ஜூலை 1 இரண்டையும் கொடுத்துச் சரிபார்த்த பிறகே எழுந்தாள்.

சங்கச் செயலாளர்: “ஏம்மா, புது மிஷினு வாங்கணும்னுல்ல பேசிக்கிட்டிருந்தோம்!”

சித்தியைக் கூப்பிட்டு வந்தேன். குத்தகை எடுத்த தேதி, புல எண் கொடுத்தோம். உடனே வந்தது.

“சித்தப்பா பேரு இருக்கா பாரு பாப்பா.”

இல்லை. ‘குத்தகைதாரர்: அஞ்சலை.’ படித்தேன்.

“என் பேரா? எம் பேருலயா எழுதி வச்சாரு? ஒரு வார்த்தை சொல்லலியே, மனுஷன்...”

அச்சடிக்கக் கை வைத்த அக்கா, கையை எடுத்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா படி பாப்பா.”

படித்தேன்.