ஈசானி மூலையிலிருந்து வந்த தண்ணீர்

என் உயிரான செசிலி அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற தைரியம் இல்லாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஐப்பசியில் நீ தண்ணீருக்குள் கிடந்தாய். அதற்குக் காரணம் மழை இல்லை, நான். ஈரத் தலையோடு என்னை ஒரு நிமிஷம் நிற்க விடமாட்டாய் நீ. துவட்டித் துவட்டித் தோலையே உரித்துவிடுவாய். அந்தத் தலையை உன் முன்னால் இப்போது நிமிர்த்த முடியவில்லை.

நீ போன பிறகு எனக்கு வேலை நன்றாகவே நடக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டடச் சைட்டில் என்ன வேலை என்று கேட்டவர்களே இப்போது போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். திருப்பத்தூர் ரோட்டில் நம் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு முள்ளுக்காடு இருந்ததே, நாம் இலந்தைப் பழம் பொறுக்கின இடம், அங்கே ஒரு ஆச்சி வீடு கட்டியிருக்கிறார். பூர்வீக வீடு பங்காளிகளுக்குப் பொதுவில் கிடக்கிறதாம். கடைசிக் காலத்துக்குத் தனக்கென்று ஒரு சின்ன வீடு, அதைச் சுற்றிப் பச்சைப் புல்தரை, இதுதான் அவர் ஆசை. வீட்டைச் சுற்றி மண்ணை நிரவி, தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, புல் வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு.

வீடு கட்டுவதைவிட இந்தக் கடைசி வேலைதான் தலைவலி, அக்கா. எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில் இருப்பார்கள். சமன் செய்த இடத்திலேயே எலக்ட்ரீஷியன் வயருக்குப் பள்ளம் தோண்டுவார். பெயிண்டர் டப்பா கழுவின தண்ணீரை அதிலேயே ஊற்றுவார். ஜேசிபிக்காரரோ இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிடுவார். யாரை முதலில் விடுவது, யாரை நிறுத்திவைப்பது என்று பார்த்துப் பார்த்து வேலையைக் கோக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று ஊருக்குள் ஒரு பெயர் வேறு.

ஆச்சி ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். மழைத் தண்ணீர் ஈசானி மூலைக்கு, அதாவது வடகிழக்குக்குத்தான் ஓட வேண்டும். நிலமோ இயல்பாகத் தெற்கே ரோட்டோரக் கால்வாயைப் பார்த்துச் சரிந்திருந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியான எனக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் எதற்கு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் வாட்டத்தைத் திருப்பினேன். லோடு லோடாகச் செம்மண் அடித்து, நிரவி, ரோலர் ஓட்டி, அந்த மூலையில் காம்பவுண்டுச் சுவரைத் துளைத்து, மிஞ்சின தண்ணீர் வெளியேறக் குழாயும் வைத்தாயிற்று. குழாய்க்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? சுவரோரத்து வரிசையில் நீதானே இருக்கிறாய்?

தெரியும் என்பதால்தான் அந்த மூலையில் ஒரு உறிஞ்சுகுழி போடுவதாகத் திட்டம் வைத்திருந்தேன். குழி தோண்டி ஜல்லி நிரப்பிவிட்டால் தண்ணீர் வெளியே போகாமல் அங்கேயே பூமிக்குள் இறங்கிவிடும். ஆனால் கார்த்திகையில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் புல் பச்சைப்பசேலென்று நிற்க வேண்டும் என்று ஆச்சி தினமும் நச்சரித்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பின விதை வேறு மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. குழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜேசிபியை அனுப்பிவிட்டு விதையைத் தூவச் சொன்னேன். அப்புறம், அப்புறம் என்று சொல்லித்தான் நீ உருப்படாமல் போகப்போகிறாய் என்று எத்தனை தடவை திட்டியிருப்பாய்?

விதை வேர் பிடிப்பதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. தரையில் திட்டுத் திட்டாக விதையைக் காணோம். மழை அடித்துக்கொண்டு போய்விட்டது ஆச்சி என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தூவினோம். எங்கே போயிருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் அத்தானும் நானும் விளக்குமாறும் மண்வெட்டியுமாக உன்னைப் பார்க்க வந்தோம். சுவரோரத்து வரிசை முழுக்கச் சேறு. சிமென்ட் கட்டின கல்லறைகள் தப்பித்துக்கொண்டன. கல் வேண்டாம், மண்ணே போதும் என்று நீ கேட்டுக்கொண்டதால் உன் மேடு உள்வாங்கிக் கிடந்தது. சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் மெல்லிசாக, இளம் பச்சையாக, போர்வை விரித்ததுபோல் புல் முளைத்திருந்தது.

உன்னிடமே கடைசிவரை ரவிக்கை தைத்துக்கொண்ட சூசையம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "இந்த மாதிரிப் புல்லு நம்ம பக்கம் ஏது? ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்தவளுக்கு மாதாவே பச்சைப் பட்டு தச்சுப் போட்டுருக்காக" என்றார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். நீ போனதிலிருந்து சிரிக்காத அத்தான் அப்போது சிரித்தார், அக்கா. நான் பார்த்த மாத்திரத்தில் அது எந்த விதை என்று கண்டுகொண்டேன். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு திருடி மாதிரி நின்றேன். சேற்றுக்குக் காரணம் கல்லறைக்குக் குழிவெட்டுகிறவர் வாய்க்காலைச் சுத்தம் செய்யாததுதான் என்று யாரோ சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்தபோது, உன் தலைமாட்டில் நான் ஊன்றின மெழுகுவர்த்தி ஈர மண்ணில் நிற்காமல் மூன்று தடவையும் சாய்ந்தது. இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் அத்தான் தினமும் சாயங்காலம் அங்கே போகத் தொடங்கிவிட்டார். ஆடு மேய்ந்துவிடும் என்று புல்லைச் சுற்றி முள் வெட்டி வைத்தார். சாப்பாட்டில்கூட அவருக்குக் கொஞ்சம் ருசி வந்திருந்தது. ஓசைப்படாமல் குழியை வெட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டு, மாதா போட்ட பட்டு என்கிற இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் அவருக்கு விட்டுவைத்தால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பாதி அவருக்காக, பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள. பொய் சொல்லமாட்டேன், பெரும்பாதி எனக்காகத்தான்.

முதலில் ஆச்சியிடம் போனேன். முளைத்து நிற்கிற புல்தரையை மூலையில் கிளற வேண்டும், பால் காய்ச்சுகிற அன்றைக்கு அந்த இடம் வெறும் மண்ணாகத்தான் கிடக்கும் என்று சொல்ல ஆரம்பித்து, அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆச்சி மூலைக்கு நடந்துபோய் அந்தக் குழாயைக் குனிந்து பார்த்தார்.

"செத்தவுக தலைமாட்டுல தண்ணிய விட்டுப்புட்டு நான் இங்குட்டுப் பால் காச்சவா? தோண்டுத்தா" என்றார். பிறகு, "ஒங்க அத்தானுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப மொதல்ல அங்குட்டுப் போ. குழிய நாளைக்கு வெட்டிக்கிரலாம்."

அத்தான் உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாய்ந்த முள்ளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். விதை, வாட்டம், குழாய், நான் தள்ளிப்போட்ட குழி, வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் புல்லின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இது அவ வேலை இல்லைன்னு எனக்கும் தெரியும்" என்றார் கடைசியில். "அவ செஞ்சா ஓரம் மடிச்சு அடிச்சிருப்பால்ல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "புல்லு இருக்கட்டும் செயா. தண்ணிய மட்டும் நிப்பாட்டு."

குழி வெட்டி ஜல்லி போட்டாயிற்று, அக்கா. குழாயை அடைத்தாயிற்று. ஆச்சி வீட்டுப் பச்சையில் அந்த மூலை மட்டும் சிவப்பாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றேன். உள்ளதைச் சொல்லு என்றுவிட்டார் ஆச்சி. நேற்று நல்ல மழை. நனைந்துகொண்டே ஓடிவந்து பார்த்தேன். உன் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. அத்தான் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெயில் காலம் வந்தால் இந்த வெளியூர்ப் புல் கருகிப்போகும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? நீ சொல்வாயா?

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சூசையம்மாவிடமும், அந்த வரிசையில் ஆள் புதைத்த எல்லாக் குடும்பத்திடமும், அந்தக் குழிவெட்டுகிறவரிடமும் நானே போய்ச் சொல்வேன். அமுங்கின மேடு ஒவ்வொன்றுக்கும் என் கையால் மண் போடுவேன். உன் சிலுவையை நேராக நிறுத்துவேன். அடுத்த கல்லறைத் திருநாளில் உன் தலைமாட்டில் காய்ந்த மண்ணில் மெழுகுவர்த்தி நிற்கும். இது சத்தியம். அப்புறம் என்று சொல்லமாட்டேன்.

நேற்று நனைந்த தலையை இன்னும் துவட்டாமல் உட்கார்ந்திருக்கும்,
உன் தங்கச்சி
செயா